முதலில் ஒட்டிய சீட்டு

தஹானி டாக்டர் ஆவதற்கு ஏழு வருஷம் முன்பே ஊர் அவளை டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. நாள்கூடச் சொல்லலாம்: தொண்ணூற்று நாலாம் வருஷம், ஜூலை மாதம், பொதுத்தேர்வு முடிவு வந்த அன்று, மதியத் தொழுகை முடிந்த கையோடு. தொண்ணூற்றேழரை சதவீதம். கஃப்ர் அபூ ஸாலிமில் பாதி ரயில்கள் நிற்பதே இல்லை. அப்படிப்பட்ட ஊர் அந்த மாதிரி ஒரு மார்க்கை அதற்குமுன் பார்த்ததும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் மாடியில் ஏறிக் குலவையிட்டார்கள். அம்மா தௌலத் ரோஜா சர்பத்தைக் குடத்தில் கலக்கி, தெருவில் போன கழுதை வண்டிக்காரனையும் விடாமல் குடிக்க வைத்தாள். சாயங்காலம் ஆவதற்குள் மூன்று பேர் தங்கள் முட்டிவலியைப் பற்றி அவளிடம் யோசனை கேட்டுவிட்டார்கள். அவளுக்கு அப்போது வயது பதினேழு.

மார்க் குறைந்த பிள்ளைகளைப் பார்த்து நாங்கள் எல்லோரும் பரிதாபப்படுவோம். மார்க் கூடிப்போன பிள்ளைகளைப் பார்த்து யாரும் பரிதாபப்படுவதில்லை. எண்பத்தைந்து வாங்கியவன் எங்கே சேர்ந்தாலும், பாவம், கிடைத்தது அதுதான் என்று விட்டுவிடுவோம். தொண்ணூற்றேழு வாங்கியவனை விடமாட்டோம். அந்த மார்க்குக்கு மருத்துவம் கிடைக்கும் என்றால் மருத்துவம்தான். வேறு எதையாவது எடுத்தால் மார்க்கை வீணாக்கிவிட்டான் என்போம், ஏதோ ரொட்டியைச் சாக்கடையில் எறிந்தவனைப் பார்ப்பதுபோல் பார்ப்போம். தஹானி எண்பத்தைந்து வாங்கியிருந்தால் விரும்பியதைப் படித்திருப்பாள். ராப்பகலாகப் படித்துப் பன்னிரண்டரை கூடுதலாக வாங்கித் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டாள்.

அவள் விரும்பியது கல். எங்கள் டெல்டாவில் கல் கிடையாது. எவ்வளவு தோண்டினாலும் கறுப்பு மண்தான் வரும். கல் என்று ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் ரயில் பாதைக்குத்தான் போக வேண்டும். தண்டவாளத்துக்கு அடியில் கொட்டும் ஜல்லி எங்கோ பாலைவனத்துக் குவாரியிலிருந்து வரும். அவள் அப்பா மித்வல்லி ஸ்டேஷனில் கைகாட்டி இழுக்கிறவர். மதியம் அவருக்கு ரொட்டியும் அவித்த மொச்சையும் கொண்டுபோகும் வழியில் தஹானி பாதையோரம் குனிந்து குனிந்து கல் பொறுக்குவாள். ஒன்பது வயதில் கிடைத்த ஒரு வெள்ளைக் கல்லில், பருப்பு அளவுக்கு வட்ட வட்டமாகச் சுருள்கள் இருந்தன. அவை கடல் பிராணிகள் என்று பின்னால் பள்ளிப் புத்தகத்தில் படித்தாள். ரயில் ஓடும் கல்லுக்குள் கடல் இருந்தது என்று தெரிந்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கல்லை ஹல்வா டப்பாவில் போட்டு வைத்தாள். டப்பாக்கள் பிறகு நாலாயின. அறிவியல் கல்லூரியில் சேர வேண்டும், இரண்டாம் வருஷம் நிலவியலை முதன்மைப் பாடமாகவும் வேதியியலைத் துணைப் பாடமாகவும் எழுதிக் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் அவள் ஆசை. இதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மித்வல்லியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் வேலை பார்க்கும் கேபினுக்கு வெளியே கைகாட்டி தூக்கியே நிற்கும், நில் என்று அர்த்தம். வண்டி கிட்டே வந்து ஊதும். அதன்பிறகுதான் அவர் நெம்புகோலைப் பிடித்து இழுத்துக் கைகாட்டியை இறக்கி வழிவிடுவார். பாதை காலியாக இருந்தாலும் ஊதாமல் இறக்கமாட்டார். "கேக்கட்டும். கேட்டாக் குடுப்போம்," என்பார். வீட்டிலும் அப்படியே. பிள்ளைகள் கேட்காமல் எதையும் கொடுத்ததில்லை, கேட்டதற்கு இல்லை என்று சொன்னதுமில்லை. மூத்தவள் செருப்பு அறுந்து ஒரு மாதம் வெறுங்காலோடு நடந்தாள். ஒருநாள் கேட்டாள், அன்றே வாங்கி வந்தார்.

தஹானி கேட்கத் தெரியாத பெண்.

அந்தக் காலத்தில் கல்லூரிக்கு விண்ணப்பிக்க ஒரு உறை விற்பார்கள். உள்ளே நாற்பது கட்டம் போட்ட விருப்ப அட்டை இருக்கும். கூடவே எல்லாக் கல்லூரிகளின் பெயரும் அச்சடித்த ஒட்டுச்சீட்டுத் தாள்கள். சீட்டைக் கிழித்து, நாக்கால் நனைத்து, பிடித்த வரிசையில் கட்டங்களில் ஒட்ட வேண்டும். அட்டையைக் கணிப்பொறி மேலிருந்து கீழாகப் படிக்கும். எந்தக் கட்டத்துக்கு மார்க் போதுமோ அங்கேயே நின்றுவிடும். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று அது எட்டிப் பார்க்காது.

ஒட்டும் வேலையைத் தௌலத்தின் தம்பி ஷௌக்கி எடுத்துக்கொண்டார். அவர் தபாலாபீசில் வேலை பார்த்தவர், ஒட்டுவதில் தனக்கு மிஞ்சி ஆள் இல்லை என்ற நினைப்பு. கூடத்து மேஜையைச் சுற்றி அக்கம்பக்கம் முழுவதும் கூடியிருந்தது. மித்வல்லி சாய்வு மஞ்சத்தில் தேநீர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்.

"பிஸ்மில்லாஹ்," என்று ஷௌக்கி நாக்கை நீட்டினார். "முதல் கட்டம், மருத்துவம். ரெண்டு, மருத்துவம். மூணு, மருத்துவம். ஊருதான் வேற, படிப்பு அதேதான். மாஷா அல்லாஹ், என் நாக்குக்கூட இன்னிக்கி இனிக்குதுடி தஹானி."

"பசையில சர்க்கரை போட்டிருப்பான் மாமா," என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். எல்லோரும் சிரித்தார்கள்.

தஹானி மேஜையோரம் நின்றாள். நாலாவது பல் மருத்துவம், ஐந்தாவது மருந்தியல். சீட்டுத் தாள் குறைந்துகொண்டே வந்தது.

"மாமா, ஸயன்ஸ் காலேஜ எங்க ஒட்டுவீங்க?"

"ஸயன்ஸா? அது முப்பத்தெட்டாவதுல கெடக்கட்டும். கட்டம் காலியா இருந்தா அசிங்கமா இருக்கும்ல."

"இல்ல... நிலவியல்னு ஒண்ணு இருக்கு. அதுல..."

"கல்லா?" என்று தௌலத் சர்பத் கரண்டியைக் கீழே வைத்தாள். "தொண்ணூத்தேழு வாங்கிட்டுப் பாலைவனத்துல போயி கல்லு பொறுக்கப் போறியா? அதுக்கா உன் பரீட்சை முடியிற வரைக்கும் டிவிக்குத் துணி போட்டு மூடி வச்சேன்? வாயக் கழுவு. கண்ணு பட்டுரும்."

மித்வல்லி தேநீரை ஒரு மடக்குக் குடித்தார். அவர் மகளைப் பார்த்துச் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொன்னார். "முப்பது வருசமா ஜல்லி மேலதான் நடக்கிறேன். எனக்காக ஒருத்தன் நாற்காலிய விட்டு எந்திரிச்சதில்ல. டாக்டர் வந்தா ஸ்டேஷன் மாஸ்டரே எந்திரிக்கிறான்."

அதற்குமேல் யார் என்ன பேச முடியும்? ஷௌக்கி முப்பத்தெட்டாம் கட்டத்தில் அறிவியல் கல்லூரியை ஒட்டி, மேலே கட்டைவிரலால் இரண்டு குத்து வைத்தார்.

மறுநாள் மதியம் வீடு தூங்கியது. அம்மா உள்ளறையில், அப்பா கூடத்து மஞ்சத்தில், தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு. தஹானி அடுப்பில் தேநீர்க் கெண்டியை வைத்தாள். ஆவி எழும்பியதும் அட்டையின் மேல்முனையை அதில் காட்டினாள். மருத்துவம் மெதுவாகச் சுருண்டு எழுந்தது. பிறகு முப்பத்தெட்டு. அது சுலபத்தில் வரவில்லை, மாமா குத்திய குத்து அப்படி. விரல் சுட்டு "ஸ்" என்றாள். கூடத்தில் குறட்டை நின்றது. அவளுக்கு மூச்சும் நின்றது. கொஞ்ச நேரத்தில் குறட்டை மறுபடி ஆரம்பித்தது. அவள் அறிவியலை முதல் கட்டத்திலும் மருத்துவத்தை முப்பத்தெட்டிலும் வைத்து அழுத்தினாள், அட்டையைப் புத்தகத்துக்கு அடியில் வைத்தாள், கெண்டியில் இருந்த நீரில் தேநீர் போட்டுக் குடித்தாள். வாழ்க்கையில் அவள் தனக்காகச் செய்த ஒரே திருட்டு அதுதான்.

அட்டையைக் கொடுக்க அப்பாவோடு மாவட்டத் தலைநகருக்குப் போனாள். மித்வல்லி ரயில்வே சீருடையைத் தேய்த்துப் போட்டிருந்தார், பித்தளைப் பொத்தான்களை எலுமிச்சை போட்டு விளக்கியிருந்தார். அட்டை வாங்கும் கல்லூரியின் முற்றத்தில் வெயிலில் வரிசை நின்றது. அவர் முன்னால் இருந்தவனிடமும் பின்னால் இருந்தவனிடமும் மகளின் மார்க்கைச் சொன்னார். அப்புறம் வரிசையில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் திரும்பிப் போய்ச் சொன்னார். தஹானி உறையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். இன்னும் ஆறு பேர். இன்னும் மூன்று பேர். ஜன்னலுக்குள் உறை போய்விட்டால் போதும், பிறகு கணிப்பொறி பார்த்துக்கொள்ளும், கணிப்பொறியிடம் யாரும் சண்டைக்குப் போக முடியாது.

ஜன்னலில் இருந்த எழுத்தர் நல்ல மனுஷர். கெட்டவராக இருந்திருந்தால் முத்திரையைக் குத்தி உள்ளே எறிந்திருப்பார், அவளும் பிழைத்திருப்பாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அட்டையை வாசித்தார்.

"தொண்ணூத்தேழரையா? அல்லாஹ் காப்பாத்தட்டும்! ஏம்மா, முதல்ல ஸயன்ஸ் ஒட்டியிருக்கு?"

தஹானி ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம ஊரு மருத்துவம் எங்க... இங்க பாரு, முப்பத்தெட்டுல! யா ஹாஜ், இங்க வாங்க. நல்லவேளை நான் பாத்தேன். இத இப்படியே அனுப்பியிருந்தா உங்க பொண்ணு வாழ்க்கை போச்சு!"

பின்னால் இருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். "அய்யய்யோ, மாத்தி ஒட்டிருச்சா?" என்றார். அவருக்குப் பின்னால் இருந்த அம்மாள், "பாவம், புள்ள தூக்கக்கலக்கத்துல செஞ்சிருக்கும்," என்றாள். யாரோ, "என்கிட்ட மருத்துவச் சீட்டு மிச்சம் இருக்கு, எம்பையனுக்கு அது எதுக்கு, அறுபத்தொண்ணு வாங்கியிருக்கான்," என்று தாளை நீட்டினார். ஒரு நிமிஷத்துக்குள் அவளைக் காப்பாற்றப் பத்துக் கைகள் வந்துவிட்டன. எதிரிகளாக இருந்தால் போராடலாம். காப்பாற்ற வந்தவர்களோடு எப்படிப் போராடுவது?

எழுத்தர் கருணையோடு குனிந்தார். "கை தவறி ஒட்டிட்ட, இல்லையாம்மா?"

மித்வல்லி தொப்பியைக் கழற்றினார். நெற்றியைத் துடைத்தார். மகளை வெகுநேரம் பார்த்தார். அவமானம் தாங்காமல் நிற்கிறார் என்று தஹானிக்குப் பட்டது. அந்தப் பொத்தான்கள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன.

"ஆமா," என்றாள். "கை தவறிருச்சு."

எழுத்தர் அறிவியல் சீட்டைப் பிய்த்து ஜன்னல் விளிம்பில் ஒட்டினார், அங்கே ஏற்கெனவே இப்படி முப்பது நாற்பது சீட்டுகள் ஒட்டிக்கிடந்தன. புதுச் சீட்டை நாக்கில் நனைத்து முதல் கட்டத்தில் வைத்தார். முத்திரை விழுந்தது. வரிசையில் கை தட்டினார்கள்.

அதன்பிறகு நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. பிணவறை நாற்றம் முதல் வருஷம் முழுவதும் அவள் சோற்றில் இருந்தது. இரண்டாம் வருஷம் பழகிப்போனது. பழகிப்போனதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. நடுவில் விட்டுவிடலாமா என்று ஒருமுறை நினைத்தாள், அதற்குள் தெருவில் நாலு பெண் குழந்தைகளுக்குத் தஹானி என்று பெயர் வைத்திருந்தார்கள். படிப்பு முடிந்தது. பல் டாக்டர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள், அவர் குவைத்தில் வேலைக்குப் போய் வருஷத்துக்கு ஒருமுறை வந்தார். சொந்த ஊர்ச் சுகாதார நிலையத்திலேயே அவளுக்கு வேலை. தடுப்பூசி, பேதி, சர்க்கரை, காலை எட்டிலிருந்து இரண்டு வரை. நல்ல டாக்டர் என்று பெயரும் எடுத்தாள். அதுதான் அவள் மாட்டிக்கொண்ட அடுத்த கண்ணி. மோசமான டாக்டராக இருந்தாலாவது ஒருநாள் யாராவது, உனக்கு இது சரிப்படாது, போ என்று சொல்லியிருப்பார்கள். ஸ்டேஷன் மாஸ்டர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அவள் பாதையைக் கடக்கும்போதெல்லாம் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். அவள் கண் ஜல்லியில் இருக்கும். குனிந்து எடுக்கமாட்டாள். டாக்டரம்மா ரயில் பாதையில் கல் பொறுக்கினால் ஊர் என்ன சொல்லும்?

இருபத்தெட்டு வருஷம் ஓடியது.

மகள் ஷாஹிந்தாவுக்குப் பொதுத்தேர்வு வந்தபோது தஹானி ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தாள். மருத்துவம் என்ற பேச்சே வீட்டில் கூடாது. ஷாஹிந்தா எண்பத்தெட்டு வாங்கினாள். தஹானிக்கு அவ்வளவு சந்தோஷம். "அறிவியல் காலேஜுக்குக் கணக்கா இருக்கு! நிலவியல் எடு, துணைக்கு வேதியியல். உன்னைய யாரும் கட்டாயப்படுத்த மாட்டாங்க. சினாய் மலைக்கெல்லாம் கூட்டிட்டுப் போவாங்கடி. ஒரு தடவ நானும் கூட வர்றேன்."

ஷாஹிந்தாவுக்குத் துருக்கிமொழி படிக்க வேண்டும். தொடர்கள் பார்த்துப் பார்த்துத் தானாகவே பாதி கற்றுக்கொண்டிருந்தாள். பாத்திரம் கழுவும்போது குழாயோடு துருக்கிமொழியில் சண்டை போடுவாள். மொழிகள் கல்லூரியைப் பற்றி ஒருமுறை சொல்லியும் பார்த்தாள். தஹானி விழுந்து விழுந்து சிரித்தாள். "சீரியல் பாக்கிறதுக்கு ஒரு காலேஜா? அது கீழ எங்கயாவது கெடக்கட்டும்." ஷாஹிந்தா மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது உறையும் இல்லை, பசையும் இல்லை. ஒரு ரகசிய எண், ஒரு கைபேசி, அவ்வளவுதான். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு தாத்தா வீட்டுக் கூடத்தில் ஷாஹிந்தா உட்கார்ந்து பட்டியலைத் தட்டிக்கொண்டிருந்தாள். தௌலத் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. மித்வல்லிக்கு எண்பத்திரண்டு வயது, அதே மஞ்சத்தில் சாய்ந்து பேத்தியின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல மாத்தணும்னா எப்படி மாத்துவ?" என்று கேட்டார்.

"அழிச்சிட்டு மறுபடி போடலாம் தாத்தா."

"அவ்வளவு சுளுவா! உங்க அம்மா கெண்டிய வச்சு, ஆவி புடிச்சு, கையச் சுட்டுக்கிட்டா."

தஹானி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றுவதை நிறுத்தினாள்.

"யாபா... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேபின்காரன் மத்தியானத்துல தூங்குவானா? முப்பத்தஞ்சு வருசம் கண்ண மூடிக்கிட்டு முழிச்சிருந்தவன் நான். தொப்பி ஓரமா எல்லாத்தையும் பாத்தேன். நீ 'ஸ்'ஸுன்னதும் எந்திரிக்கப் பாத்தேன். நீ பயந்துருவியேன்னு மறுபடி குறட்டை விட்டேன்."

"பாத்துட்டு ஏன் சும்மா இருந்தீங்க? ஜன்னல்ல ஏன் சும்மா நின்னீங்க?"

"நீ சொல்லுவேன்னு நின்னேன்." கிழவர் குரலில் கொஞ்சம்கூடக் கள்ளம் இல்லை. "தொப்பியக் கழட்டிட்டு உன்னையவே பாத்துக்கிட்டு நின்னேன். இல்ல, நான்தான் ஒட்டினேன்னு ஒரு வார்த்த சொல்லுவ, அந்த எழுத்தர் கையப் புடிச்சு நிறுத்திரலாம்னு இருந்தேன். நீ ஊதவே இல்லியேம்மா. ஊதாத வண்டிக்கு நான் எப்படிக் கைகாட்டிய இறக்குவேன்?"

"நீங்கதானே சொன்னீங்க, ஜல்லி மேல நடந்தவனுக்கு யாரும் எந்திரிக்கலன்னு!"

"சொன்னேன். அது என் கதை. உன் கதைய நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

"எனக்குப் பதினேழு வயசு யாபா!" என்று கத்தினாள். அவள் அப்பாவிடம் குரலை உயர்த்தியது அதுவே முதல் தடவை. கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது, கோபமும் கூடவே வந்தது, எது எதற்காக என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. இருபத்தெட்டு வருஷமாக ஊர் தன்னைப் பூட்டி வைத்திருக்கிறது என்று நினைத்திருந்தாள். பூட்டைத் திறக்க ஒருவர் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறார், பொத்தான்களை விளக்கிக்கொண்டு வந்து.

கிழவரின் கை மஞ்சத்தின் விளிம்பைத் தடவியது.

"அம்மா," என்றாள் ஷாஹிந்தா மெதுவாக. இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், ஒன்றும் புரியவில்லை. "அனுப்பிடவா? எல்லாம் போட்டாச்சு."

தஹானி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "முதல்ல என்ன போட்டிருக்க?"

"நீங்க சொன்னதுதான். ஸயன்ஸ்."

"உனக்குச் சம்மதந்தானே?"

ஷாஹிந்தா சிரித்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றது. "ம். சம்மதந்தாம்மா."

அந்தக் குரலைத் தஹானிக்குத் தெரியும். அது கை தவறிருச்சு என்று சொன்ன குரல். மகளின் கட்டைவிரல் கைபேசிக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அந்தக் கருணையுள்ள எழுத்தராகத் தானே உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்தாள்.

"இங்க குடு," என்றாள்.

"ஏம்மா?"

"குடு."

மித்வல்லி தலையைத் தூக்கினார். "அவளும் ஊதலயே," என்றார்.

"ஊதத் தெரியாத வண்டியும் வந்து நிக்கும் யாபா. கேபின விட்டு எட்டிப் பாத்தா தெரியும்." கைபேசியை வாங்கிக்கொண்டு பட்டியலைக் கீழே தள்ளினாள். மொழிகள் கல்லூரி முப்பத்தொன்றாவதில் கிடந்தது. "இத மேல கொண்டுவர எங்க அமுக்கணும்?"

ஷாஹிந்தா வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே எங்கே அமுக்க வேண்டும் என்று காட்டினாள். தஹானி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டாவது தடவையாக முதல் கட்டத்திலிருந்து அறிவியலை எடுத்தாள். இந்தத் தடவை தன் கையாலேயே எடுத்தாள்.